பிடிக்காது என்று சொல்ல ஓர் அலமாரி

1

நேற்று எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். எனக்காக என்பது முழு உண்மையில்லை. எங்கள் ஊர் உணவு வங்கியில் அலமாரிகள் வந்து ஓராண்டு ஆனதற்காக. ஆனால் கத்தியை என் கையில்தான் கொடுத்தார்கள், கைதட்டும்போது எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஆகவே எனக்காக என்றே வைத்துக்கொள்கிறேன். அடக்கமெல்லாம் எனக்கு ஒத்துவராது. ஓசூரில் இருந்தபோதும் வரவில்லை, கனடாக் குளிருக்கு வந்தும் வரவில்லை.

"இரண்டு வார்த்தை பேசுங்கள், சரோஜா" என்றார் மார்கரெட். அவர்தான் அந்த உணவு வங்கியை நடத்துகிறவர். என்னிடம் இரண்டு வார்த்தை கேட்பவர்கள் உட்கார நாற்காலியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது இத்தனை பழகியும் அவருக்குத் தெரியவில்லை. நான் பேசியதில் பாதி ஓசூரைப் பற்றி. அங்கே இருந்தவர்களில் ஒருவர்கூட ஓசூரைப் பார்த்ததில்லை. இருந்தாலும் கேட்டார்கள். உங்களுக்கு ஓசூர் தெரியும், கனடா தெரியாது. அதனால் இங்கே கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.

உணவு வங்கி என்றால் பணம் போட்டு எடுக்கும் வங்கி அல்ல. வேலை போனவர்களும் சம்பளம் போதாதவர்களும் வந்து இலவசமாகச் சாமான் வாங்கிப் போகும் இடம். எங்கள் ஊரில் அது ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் நடக்கிறது. கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் கொடுப்பதைச் சேர்த்து, சனிக்கிழமைதோறும் பங்கிட்டுக் கொடுப்பார்கள். இவ்வளவு பணக்கார தேசத்தில் இப்படி ஒன்று எதற்கு என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். பிறகு அதே வரிசையில் போய் நின்றேன்.

2

என் வீட்டுக்காரர் முனிராஜ் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் இருந்தார். அச்சு செய்கிற வேலை. கை சுத்தமான வேலைக்காரர் என்று பெயர். அந்தக் கைக்குக் கனடாவில் தேவை இருக்கிறது என்று யாரோ சொல்லப்போக, பெங்களூரில் நாங்கள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. ஒரு ஜன்னலில் வாங்கிய முத்திரையை அடுத்த ஜன்னலில் செல்லாது என்பார்கள். எல்லாம் முடிந்து, பெண் கீதாவையும் கூட்டிக்கொண்டு இந்தத் தொழிற்சாலை நகரத்தில் வந்து இறங்கினோம். இரண்டாவது குளிர்காலத்தில் அவர் வேலை பார்த்த இடத்தை இழுத்து மூடிவிட்டார்கள்.

சேர்த்து வைத்தது கரைந்தபிறகு பக்கத்து வீட்டுக்காரி உணவு வங்கியைப் பற்றிச் சொன்னாள். முனிராஜிடம் சொன்னதும் மனிதர் முகம் கறுத்துவிட்டது.

"அங்க வரிசைல நின்னு கட்டிவெச்ச பொட்டிய வாங்கியாரணுமா? என்னால ஆவாது சரோசா. நீ போறதுன்னா போ. என்ன கூப்புடாத."

"நானு சோத்துக்குப் போறேன். நீங்க கவுரவத்தக் காவல் காத்துக்கினு வூட்டுலயே இருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கீதா கூட வந்தாள். ஆனால் என்னோடு அல்ல. பத்தடி பின்னால், வேறு யாரோ வீட்டுப் பெண்போல வந்தாள். அப்போது அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகள் சேர்ந்திருந்த நேரம். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். வெளியில் நான் வாயைத் திறந்தாலே அவளுக்கு உடம்பு கூசும்.

"அம்மா, ப்ளீஸ். அங்க போய் நம்ம ஊரு கதையெல்லாம் பேசாத" என்றாள்.

ஜன்னலில் ஓர் அம்மாள் கேள்வி கேட்டார். குடும்பத்தில் எத்தனை பேர், எங்கே இருக்கிறோம், எல்லாம் ஆனது. பெட்டியைத் தள்ளினார். எல்லாருக்கும் அதே பெட்டிதான், சில வாரம் மட்டும் அரிசியோ பருப்போ கூட வரும். உள்ளே எட்டிப் பார்த்தேன். பன்றிக்கறி போட்ட பீன்ஸ் டின்கள், சூப் டின்கள், மீன் டின், நிலக்கடலை வெண்ணெய், வெள்ளைப் பெட்டியில் மக்ரோனி. அந்த மக்ரோனியோடு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொடியும் இருக்கும். அதைக் கரைத்து ஊற்றினால் பாலாடைக் குழம்பாம். பீன்ஸ் டின்னைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்தேன். பீன்ஸில் சர்க்கரைப் பாகைப் போட்டு வேகவைத்தது அது.

"இந்த டின்னுக்குப் பதிலாக வேறு ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"மதக் காரணமா?" என்றார் அம்மாள்.

"இல்லை."

"ஒவ்வாமையா? சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாதா?"

"ஆகும்."

"பிறகு?"

"பிடிக்காது."

அம்மாள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. கோபமில்லை அவருக்கு. உண்மையிலேயே திகைத்துப்போனார். மதத்துக்கு இடம் இருந்தது, வியாதிக்கு இடம் இருந்தது, பிடிக்காது என்பதற்கு இடமே இல்லை. நான் அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று, "பரவாயில்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்கிறேன்" என்றேன். பெங்களூர் பஸ்ஸில் பழகிய ஆங்கிலம் அது. "எதைச் சரிசெய்யப் போகிறீர்கள்?" என்று அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் நின்ற கீதா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்து வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. வயிற்றுக்கு இல்லாதவள் நாக்கைப் பற்றிப் பேசலாமா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். ஏன் பேசக்கூடாது என்று நானே பதிலும் சொன்னேன். ஏனென்றால் இந்தச் சண்டையை நான் ஒரு தடவை ஓசூரில் போட்டு ஜெயித்திருக்கிறேன்.

3

எண்பதுகளின் நடுவில் முனிராஜின் கம்பெனியில் கதவடைப்பு. கீதா அப்போது என் வயிற்றில். கம்பெனிக்கு எதிரே லைன் வீடுகளில் இருந்தோம். ஒரே வரிசையில் எல்லா ஊரும் இருக்கும். என் பிறந்த ஊர் நாகரசம்பட்டி. இடதுபக்க வீட்டில் கெம்பம்மா, கன்னடக்காரர், லிங்காயத்துக் குடும்பம், வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. அந்தப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள். கடைசி வீட்டில் சங்கத்துச் செயலாளர் செல்லத்துரை அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர். தண்ணீர்க் குழாயில் சண்டை போடும்போது யார் எந்த மொழியில் திட்டுகிறார்கள் என்றே தெரியாது, எல்லாருக்கும் எல்லாம் புரியும்.

சம்பளம் நின்று அடுப்பு அடங்கத் தொடங்கியதும் சங்கம் இறங்கி வேலை பார்த்தது. குறை சொல்ல முடியாது. டவுன் மண்டிக்காரர்கள் புழுங்கலரிசி கொடுத்தார்கள். நாகரசம்பட்டி, போச்சம்பள்ளிப் பக்கத்து விவசாயிகள் ராகி கொடுத்தார்கள், மெஷினில் அரைத்து மாவாகவே வந்தது. தூத்துக்குடிப் பக்கமிருந்து அண்ணாச்சிக்கு வேண்டிய சங்கத்துக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கருவாடு அனுப்பினார்கள். எல்லாவற்றையும் கம்பெனி வாசல் கொட்டகையில் கொட்டி, சமமாகப் பிரித்து, துணிப்பையில் கட்டி, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார் அண்ணாச்சி.

"ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் கொறைய கெடையாது. இங்க எல்லாரும் சமம்லா!" என்று மைக்கில் சொன்னார். நாங்களும் கைதட்டினோம்.

பையைப் பிரித்தபோதுதான் சமத்துவத்தின் வாசம் அடித்தது. அரிசி, ராகி மாவு, மேலே கருவாடு. மூன்றும் ஒரே பையில். கெம்பம்மா தன் பையைக் கையால் தொடவில்லை. அவர் மகன் அதை வெளியிலிருந்த வேப்பமரத்தில் மாட்டிவிட்டான்.

"மீனு வாசனை ராகிக்கி பந்துட்டுச்சு சரோஜம்மா. இத தின்னக்கே ஆகல்ல" என்று வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்கு பிள்ளைகள் வீட்டில். பை மரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

கெம்பம்மா வீட்டில் மட்டுமல்ல. தெற்கத்திக்காரர்கள் ராகியை வைத்துக்கொண்டு முழித்தார்கள். களி கிண்டுவது சும்மா இல்லை. உலை கொதிக்கும்போது மாவைப் போட்டு, வேகவிட்டு, பானையைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பால் விடாமல் கிண்ட வேண்டும். பழகாதவர்கள் கிண்டினால் கட்டி கட்டியாக நிற்கும், நடுவில் பச்சை மாவு இருக்கும். பிள்ளைகள் துப்பிவிட்டன. எங்களைப் போல ராகி தின்று வளர்ந்தவர்களுக்கோ புழுங்கலரிசிச் சோறு தொண்டையில் நின்றது. எல்லார் வீட்டிலும் சாப்பாடு இருந்தது, பாதிப் பேர் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் நாங்கள் பெண்கள் யாரையும் கேட்கவில்லை. லைன் வீட்டுக்குப் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்தோம். உன் ராகியை இப்படிக் கொடு, என் அரிசியை எடுத்துக்கொள், கருவாடு யாருக்கு வேண்டும் என்று மாற்றிக்கொண்டிருந்தோம். அங்கே வந்து நின்றார் அண்ணாச்சி. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"என்னம்மா, இங்க வச்சு யாவாரமா நடக்கு? மேனேஜ்மெண்ட் ஆளு ஒருத்தன் பாத்தான்னா போதும். நிவாரணச் சாமான வித்துத் திங்கானுவன்னு ஊரெல்லாம் சொல்லுவான். நாளைக்கு ஒருத்தன் ஒரு பிடி அரிசி தருவானா நமக்கு?"

அவர் பயந்தது நியாயம்தான். கொடுப்பவர்கள் கையை மடக்கினால் போராட்டமே படுத்துவிடும். பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். எனக்கு மாசம் ஏறிய வயிறு, எழுந்திருக்கவும் முடியவில்லை, வாயை அடக்கவும் முடியவில்லை.

"அண்ணாச்சி, உங்க வூட்டுக்குக் குடுத்த ராகி மாவு இன்னா ஆச்சு?"

அவர் வீட்டுக்காரம்மாவும் பாயில்தான் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார், "பால்காரம்மா மாட்டுக்குக் கரைச்சு ஊத்திட்டேன். நீங்கதான துப்பிட்டுப் போனிய?"

முதலில் சிரித்தது கெம்பம்மாதான். அப்புறம் லைன் வீடே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை, ஆனால் போகவுமில்லை. "சரி, அப்ப என்னதான் செய்யச் சொல்லுதிய?" என்று பாய் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அளவ நீங்க சொல்லுங்க. எதுன்னு நாங்க சொல்றோம்" என்றேன்.

அடுத்த வாரம் பை கட்டவில்லை. கொட்டகையில் அரிசி ஒரு குவியல், ராகி ஒரு குவியல், கருவாடு எட்டத்தில் தனிக் கூடையில். ஒரு வீட்டுக்கு இத்தனை படி தானியம் என்று அண்ணாச்சி சொல்வார். அரிசியா ராகியா என்று வீட்டுக்காரி சொல்வாள். சண்டை வரும், முந்திக்கொண்டு அள்ளுவார்கள் என்று பயந்தார்கள். ஒன்றும் வரவில்லை. தானியம் வீணாகாததால் மிச்சமே விழுந்தது. அந்த மிச்சத்தில் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தோம், கம்பெனி இறங்கி வந்தது, கேட் திறந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு வாசலில் மாலை போட்டார்கள். முனிராஜ் கழுத்து மாலையை நான் பிடுங்கிக் கெம்பம்மாவுக்குப் போட்டேன்.

4

இப்போது கனடாவுக்கு வாருங்கள். உணவு வங்கிக்கு வெளியே ஒரு பஸ் நிறுத்தம், கண்ணாடிக் கூண்டு. சனிக்கிழமை பெட்டி வாங்கியவர்கள் அங்கே பஸ்ஸுக்கு நிற்பார்கள். மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ, நான் அந்தக் கூண்டுக்குள் நுழைந்தபோது எல்லாரும் சட்டென்று பெட்டிகளை மூடினார்கள். அந்த மூடல் எனக்குத் தெரியும், அண்ணாச்சியைக் கண்டதும் எங்கள் பாயில் வந்த அதே பயம். என் பெட்டியைத் திறந்து பீன்ஸ் டின்னை வெளியே எடுத்து, "இது யாருக்கு வேண்டும்?" என்றேன். உடனே கூண்டு கலகலத்துவிட்டது.

அங்கேதான் வன்ஜிரு பழக்கமானாள். கென்யாக்காரி, என் வயதுதான், என்னைவிடச் சத்தமாகச் சிரிப்பாள். அவளுக்கு டின்னில் அடைத்த மீன் ஆகாது, எனக்கு ஆகும். எனக்கு நிலக்கடலை வெண்ணெய் வேண்டாம், அவள் அதைக் குழம்பில் போடுவாள். அதன்பிறகு சனிக்கிழமைகளில் கண்ணாடிக் கூண்டுக்குள் லைன் வீட்டுப் பாயை விரித்தாயிற்று, பாய் மட்டும்தான் இல்லை.

எத்தனை நாள் மறையும்? ஒரு சனிக்கிழமை மார்கரெட் வெளியே வந்து பார்த்துவிட்டார். நெட்டையான, வெள்ளை முடி அம்மாள். அவர் வேகமாக நடந்து வந்தபோது எனக்குச் செல்லத்துரை அண்ணாச்சிதான் ஞாபகம் வந்தார்.

"இங்கே பொருள்களை விற்கிறீர்களா? இது தெரிந்தால் நன்கொடை தருகிறவர்கள் நிறுத்திவிடுவார்கள். இனி இப்படிச் செய்தால் உங்கள் யாருக்கும் பெட்டி கிடையாது" என்றார்.

வன்ஜிரு என் கையைப் பிடித்து அழுத்தினாள். பேசாதே என்று அர்த்தம். வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள் அவளுக்கு, அந்தப் பெட்டியை விட்டால் வேறு வழியில்லை. கீதா பஸ் வராத திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் பயம்தான். இருந்தாலும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"விற்கவில்லை, அம்மா. மாற்றிக்கொள்கிறோம். நீங்கள் உள்ளே செய்ய விடாததை வெளியே செய்கிறோம். எங்களுக்கு அதிகம் வேண்டாம். எது என்று மட்டும் நாங்கள் சொல்கிறோம்."

மார்கரெட் என்னை உற்றுப் பார்த்தார். "உள்ளே வாருங்கள்" என்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். டீ போட்டுக் கொடுத்தார்.

வருடங்களுக்கு முன்னால் அவரும் அலமாரி வைத்துப் பார்த்திருக்கிறார். முன்னால் வந்தவர்கள் வேண்டியதை எல்லாம் எடுத்துவிட்டார்கள். வரிசையின் கடைசியில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். அவளுக்கு மிஞ்சியது ஒரு கடுகு விழுது பாட்டில். "அதையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனாள், சரோஜா. அன்றிலிருந்துதான் பெட்டி கட்ட ஆரம்பித்தேன்" என்றார். அந்த முகம் அவரை இன்னும் விடவில்லை என்று தெரிந்தது. அதற்குமேல் எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை.

கொட்டகைக் குவியல் கதையைச் சொன்னேன். அளவு உங்களுடையது, பண்டம் எங்களுடையது. அரிசி, மாவு, மக்ரோனி எல்லாம் ஓர் அலமாரி, டின்கள் ஓர் அலமாரி. ஒரு குடும்பத்துக்கு ஒவ்வோர் அலமாரியிலும் இத்தனை. எதை எடுப்பது என்பது அவரவர் இஷ்டம். அதோடு, வீட்டில் திறக்காமல் கிடப்பதை எல்லாம் திருப்பிக் கொண்டுவரச் சொல்வோம்.

"உணவு வங்கிக்கு யாரும் எதையும் திருப்பிக் கொண்டு வந்ததே கிடையாது" என்றார் மார்கரெட்.

"நீங்கள் கேட்டதில்லையே?"

மார்கரெட் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். கடைசியில் ஒரு சனிக்கிழமை மட்டும் ஒப்புக்கொண்டார். வரிசையின் கடைசி ஆள் உள்ளே வரும்போது, அவர் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டிதான், என்றைக்கும் பெட்டிதான், பஸ் நிறுத்தத்து மாற்றமும் கூடாது.

வீட்டில் சொன்னேன். முனிராஜ் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "வாய வெச்சுக்கினு சும்மா இருக்க மாட்டியா? வர்ற பொட்டியும் நின்னுபோச்சுன்னா அந்தச் சனம் எல்லாம் உன்னத்தான் ஏசும்" என்றார்.

"நின்னா பாத்துக்கலாம். நீங்கதான் அந்தப் பொட்டிய ஒரு நாளும் தொட்டதில்லியே, உங்களுக்கு இன்னா நட்டம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் அதிலிருந்து ஒரு பருக்கை தொட்டதில்லை என்பது உண்மை. கடைசியில் மிஞ்சிய எங்கள் அரிசியைக் கஞ்சியாக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

5

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாளே போய் அலமாரிகளை அடுக்கினேன். பின்னறையில் ஒரு மூலையில், எதுவென்று தெரியாமல் ஒதுக்கி வைத்திருந்த சாமான்களுக்கு நடுவே ஒரு மாவுப் பை கிடந்தது. யாரோ குஜராத்திக் கடைக்காரர் கொடுத்ததாம். பழுப்பு நிறம். பையின் தையலில் மூக்கை வைத்தேன். ராகி. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து நான் பார்க்காத ராகி. முனிராஜுக்கு வேலை இருந்த நாளில் மக்காச்சோள மாவு வாங்கிக் களி கிண்டி என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன், அவர் அதை உருட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் தின்பார்.

அப்படியே மடியில் கட்டிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் வேலை செய்கிறவர்கள் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்று நானே பெரிய மனுஷியாகச் சட்டம் போட்டிருந்தேன். சட்டத்தை மீறவில்லை. ஓட்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால், கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன். அவ்வளவுதான்.

கதவு திறந்தது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கீதாவும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். முதலில் வந்தவர்கள் அலமாரி முன்னால் தயங்கித் தயங்கி நின்றார்கள். எடுக்கலாமா என்று என்னைப் பார்த்தார்கள். எடுங்கள் என்றேன். கை பழகியதும் வேகமாக எடுத்தார்கள். அளவை யாரும் மீறவில்லை. ஆனால் எல்லாருக்கும் அரிசிதான் வேண்டியிருந்தது. அரிசித் தட்டு காலியாகத் தொடங்கியது. வரிசையோ வாசலைத் தாண்டிப் படியில் நின்றது. திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருந்தேன். ஒருவரும் ஒன்றும் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை. மார்கரெட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வன்ஜிருவுக்கு இருந்த பஸ் நிறுத்தத்து மாற்றமும் என்னால் போகப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போது பில் வந்தார். மீன்பிடி ஊரிலிருந்து பிழைக்க வந்த கனடாக்காரர், கிழவர், ஒண்டிக்கட்டை. சக்கரம் வைத்த சந்தைக்கூடை ஒன்றைப் படியில் தடதடவென்று இழுத்துக்கொண்டு வந்து அலமாரி முன்னால் நிறுத்தினார். உள்ளே துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, அரிசி, எல்லாம் பிரிக்காத பொட்டலங்கள்.

"இதையெல்லாம் என்ன செய்வதென்று யாராவது எனக்குச் சொன்னீர்களா? ஒரு வருடமாக அடுக்கி வைத்திருக்கிறேன்" என்று மார்கரெட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதற்குப் பதிலாக எனக்கு அந்தப் பீன்ஸ் டின் இன்னும் கிடைக்குமா? என் அம்மா சனிக்கிழமைகளில் அதைத்தான் செய்வாள்" என்றார்.

நான் நாக்கில் வைக்க மாட்டேன் என்று சண்டை போட்ட அதே டின். எடுத்து அவர் கையில் கொடுத்தபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அடக்கடவுளே, இது எனக்கு மட்டும் உள்ள வியாதி என்றல்லவா நினைத்திருந்தேன்!

பில் போட்ட சத்தத்தில் வரிசையில் என்னவோ அவிழ்ந்துவிட்டது. ஒவ்வொருவராகக் கோட்டுக்குள்ளிருந்து, தோள்பையிலிருந்து, குழந்தை வண்டிக்கு அடியிலிருந்து டின்களை வெளியே எடுத்தார்கள். எல்லாரும் கொண்டுதான் வந்திருந்தார்கள். கொடுத்ததைத் தின்னாமல் வைத்திருந்தாய் என்று திட்டுவார்களோ என்று வெட்கப்பட்டு ஒளித்துவைத்திருந்தார்கள். வைக்க இடம் போதாமல் மார்கரெட்டே ஒரு மேசையை இழுத்துப் போட்டார். "சரோஜா, நாம் ஆரம்பித்தபோது இருந்ததைவிட இப்போது அதிகமாக இருக்கிறது" என்றார். நான் அப்போதே குதித்திருப்பேன், சேலை இடம் கொடுக்கவில்லை.

வன்ஜிரு வந்தாள். மீன் டின்களை மேசையில் வைத்தாள். மாவு அலமாரிக்குப் போனாள். ஓட்ஸ் பெட்டியை நகர்த்தினாள். இந்தத் தேசத்தில் ஓட்ஸுக்குப் பின்னால் கைவிட்டுப் பார்க்க அவளுக்கு மட்டும் ஏன் தோன்றியதோ, தெரியவில்லை. "விம்பி!" என்று கத்தினாள். பையைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டாள்.

என் ராகிதான். அவர்கள் தேசத்திலும் அதே தானியம் விளைகிறதாம். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, "உனக்கும் தெரியுமா இது?" என்றாள். ஒரு பானையைக் காலால் அணைத்து இரண்டு கையாலும் கிண்டிக் காட்டினேன். அவளும் அதையே செய்து காட்டினாள். தேவாலயத்து அடித்தளத்தில் இரண்டு பெண்கள் இல்லாத பானையில் களி கிண்டி நின்றதைப் பார்த்து மார்கரெட் ஒன்றும் புரியாமல் சிரித்தார். அப்புறம் புரிந்துகொண்டு ஒரு கரண்டியும் காகிதப் பையும் கொண்டுவந்தார். ஆளுக்குப் பாதி.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கீதாவைக் கொஞ்ச நேரமாகக் காணவில்லை. கதவு சாத்தும் நேரம். கடைசி ஆளாக யார் வருகிறார்கள் என்று மார்கரெட் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். படியில் காலடிச் சத்தம். கீதா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வாப்பா. நான் சொன்னேன்ல, பாக்ஸ் இல்ல. கடை மாதிரிதான் இருக்கு, பாரு" என்றாள். எல்லார் முன்னாலும், சத்தமாக, தமிழில்.

நான் வாயைத் திறக்கவில்லை. கீதா எப்போதும் எட்டியே நின்றதால், அவள் என் பெண் என்றோ அவர் என் வீட்டுக்காரர் என்றோ மார்கரெட்டுக்குத் தெரியாது. அவருக்கு இவர் கடைசி ஆள், அவ்வளவுதான். கீதா நேரே போய் வெள்ளைப் பெட்டி மக்ரோனியை எடுத்துக்கொண்டு, என்ன சொல்வாயோ என்பதுபோல என்னைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் இஷ்டத்தை வாங்கிக் கொடுத்தவள் பெற்ற பெண்ணுக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தலையாட்டினேன்.

முனிராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அலமாரி ஓரமாக மெல்ல நடந்தார். பருப்பு எடுத்தார். பில் கொண்டுவந்த அரிசி எடுத்தார். டின் அலமாரிக்கு வந்ததும் ஒரு பீன்ஸ் டின்னைக் கையில் எடுத்தார். டூல் ரூமில் அளவு பார்க்கிறவரைப்போல வெளிச்சத்தில் தூக்கி, திருப்பி, ஒட்டியிருந்ததை முழுக்கப் படித்தார். மார்கரெட்டுக்குப் பொறுக்கவில்லை. கிட்டே போனார்.

"ஏதாவது குறையா, சார்?"

வேலை போன நாளிலிருந்து வெளியாள் யாரிடமும் நிமிர்ந்து பேசாத மனிதர் அவர். நிமிர்ந்து மார்கரெட்டின் முகத்தைப் பார்த்தார்.

"நோ மேடம். ஐ டோன்ட் லைக்."

ஜன்னலில் உட்கார்ந்திருந்த பழைய அம்மாள்கூடப் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். மார்கரெட் ஒருகணம் என்னைப் பார்த்தார். பிறகு அந்த டின்னை அவர் கையிலிருந்து வாங்கி, அலமாரியில் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"அப்படியானால், உங்களுக்கு எது பிடிக்கும், சார்?" என்று கேட்டார்.